பச்சை சாக்ஸ்

லிசியானுக்கு இடுப்பு போனது பிப்ரவரியில். போனது என்றால் ஒரேயடியாகப் போய்விடவில்லை. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. இரண்டில் எது என்பதை அன்றன்று காலையில் இடுப்பே முடிவுசெய்யும். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கிறவளுக்கு நாள் முழுக்கக் குனிந்த வேலைதான். அதனால் குனிந்த நிலையில் பிடித்துக்கொண்டால் பாதி லாபம் என்பாள். சாயங்காலம் அப்படியே வீட்டுக்கும் நடப்பாள். பின்னால் வருகிறவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு போகிறாள் என்று நினைப்பார்கள்.

நான் அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருப்பேன். எங்கள் ஷாம்பெய்ன் பக்கத்துச் சரிவில் கொடிகளை முழங்கால் உயரத்துக்குமேல் விடுவதில்லை. வெட்டிய குச்சிகளைப் போட்டு எரிக்கத் தகரப் பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்த தள்ளுவண்டி ஒன்று கூடவே வரும். லிசியான் அடிக்கடி அந்தத் தீக்கு முதுகைக் காட்டி நிற்பாள்.

"பிள்ளை பெத்தப்பகூட நீ இப்படிக் கத்தலையே" என்றேன்.

"பிள்ளை வெளிய வந்துடுச்சு. இது உள்ளயே குடித்தனம் பண்ணுதுடி."

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"குனியாதேன்னாரு. வேற என்ன வேலை தெரியும்னாரு. நிமிர்ந்து சும்மா நிக்கத் தெரியும்னேன். அதுக்கு ஆள் ஏற்கெனவே இருக்காங்களாம்."

அவளுக்கு வேண்டியது ஒரு நாற்காலி. எங்கள் முதலாளி மர்சோ வீட்டு வரவேற்பறையில், விறகடுப்புக்குப் பக்கத்தில், கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற நாற்காலி. சாய்மானம் உண்டு, மெத்தை உண்டு. வாங்க வருகிறவர்களுக்கு பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுத்து, சிரித்து, பணம் வாங்கிப் போடும் வேலை. எப்போதாவது நிலவறைக்கு இறங்கி நாலு பாட்டில் எடுத்து வர வேண்டும். இத்தனை காலம் அதில் உட்கார்ந்திருந்த இரேன் ஈஸ்டரோடு ஓய்வு பெறுகிறாள். அந்த இடம் கிடைத்தால் லிசியான் பிழைத்தாள். கிடைக்காவிட்டால் இன்னொரு குளிர்காலம் குனிய வேண்டும். இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாற்காலியை யார் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். லேபிளில் இருப்பது மர்சோவின் பெயர். விற்பனை முழுக்க மருமகள் அப்போலின் கையில். நடுவில் இருக்கிற மகன் டிராக்டரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வான், சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான்.

அப்போலின் பாரிசில் வாசனைத் திரவியம் விற்றவள். இங்கே வந்த மறு வருஷமே சனிக்கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டாள். வாசலில் பலகை: 'உங்கள் நாக்கு எதை விரும்புகிறது? வாருங்கள், கண்டுபிடிப்போம்.' எப்பெர்னேயிலிருந்து, ரேன்ஸிலிருந்து, இன்னும் தூரத்திலிருந்தெல்லாம் வருவார்கள். இந்த வகுப்பில் தப்பான விடையே கிடையாது என்பாள். காசு கொடுத்து வருகிறவர்களிடம் தப்பு என்று யார் சொல்வார்கள்?

அந்த வருஷம் மாமனாருக்கும் மருமகளுக்கும் சர்க்கரையில் சண்டை. பாட்டிலில் தங்கிய கசடைத் தள்ளிவிட்டுத் தக்கை அடைப்பதற்கு முன் கொஞ்சம் சர்க்கரைப் பாகு ஊற்றுவது எங்கள் வழக்கம். எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். வெவ்வேறு அளவு போட்ட மாதிரி பாட்டில்களைக் குடும்பமே உட்கார்ந்து வெறும் வயிற்றில் ருசி பார்த்து அந்த வருஷத்து அளவைத் தீர்மானிக்கும். எங்கள் முதலாளி வீட்டில் தீர்மானம் எப்போதும் மர்சோவின் அப்பா வைத்த அளவாகவே வந்து நிற்கும். ருசி பார்ப்பது சும்மா மரியாதைக்கு.

அப்போலினுக்கு சர்க்கரையே கூடாது. ஒரு சொட்டுகூட. பாரிசில் இப்போது அதைத்தான் கேட்கிறார்களாம்.

"சர்க்கரைங்கறது பவுடர் மாதிரி மாமா. மூஞ்சி சரியில்லாதவங்க பூசிக்கறது."

"அப்ப தினம் காலையில அரை மணி நேரம் கண்ணாடி முன்னாடி என்னம்மா பண்ணிட்டிருக்கே?"

"நான் ஒயினைப் பத்திப் பேசறேன்."

"நானும் ஒயினைப் பத்தித்தான் பேசறேன். சர்க்கரை போடாம குடிச்சா பல்லு கூசும். பல் டாக்டருக்குத்தான் வருமானம்."

கடைசியில் அப்போலின் ஒரு வழி சொன்னாள். வீட்டு ஆட்கள் வேண்டாம், வரும் சனிக்கிழமை வகுப்பே தீர்மானிக்கட்டும். ஐந்து மாதிரி பாட்டில், எதில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் சாக்ஸ் மாட்டி வைப்போம், லிசியான் ஊற்றட்டும். மர்சோ உடனே சரி என்றார். ஊரான் நாக்கு தன் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாக்ஸும் அவருடையதுதான். மழைக்காலத்தில் பூட்ஸுக்குள் போடுகிற நீளமான கம்பளி சாக்ஸ்: பழுப்பு, நீலம், சிவப்பு, பச்சை, சாம்பல். அப்போலின் அவற்றை இரண்டு தடவை துவைக்கப் போட்டாள்.

புதன்கிழமை மர்சோ எங்கள் வரிசைக்கு வந்தார். கவாத்து பார்க்க வந்தவர்போல ஒரு கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா லிசியான். நம்ம அளவு போட்டதை பழுப்பு சாக்ஸ்ல வை."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னாங்களே முதலாளி."

"எனக்கு சாக்ஸ் எதுக்கு? மூக்கை வெச்சாலே தெரிஞ்சிடும். சும்மா, வசதிக்கு." போகிறபோது திரும்பினார். "இரேன் போறா இல்ல. அந்த நாற்காலியில உன்னைத்தான் நெனச்சு வெச்சிருக்கேன்."

வியாழக்கிழமை அப்போலின் வந்தாள். சேற்றில் இறங்காமல் வரப்பு ஓரமே நின்றாள்.

"லிசியான், நாக்கு புதுசா இருக்கப்ப எதைக் குடிக்கறோமோ அது மனசுல நிக்கும். சர்க்கரை இல்லாததை முதல்ல ஊத்துங்க. நீல சாக்ஸ். இது ஏமாத்து இல்ல, சொல்லிக்குடுக்கற முறை."

"சரிங்க மதாம்."

"உங்க இடுப்பு எப்படி இருக்கு? படியெல்லாம் ஏறி இறங்கறீங்கல்ல? இரேன் இடத்துக்கு வரவங்க நிலவறைக்குப் போய் வரணும், அதான் கேட்டேன்."

"ஆடு மாதிரி ஏறுவேன் மதாம்."

லிசியான் இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். தலையாட்ட இடுப்பு தேவையில்லை.

சனிக்கிழமை கிளாஸ் கழுவ என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது வகுப்பு ஆட்கள் வந்து மேஜையைச் சுற்றி நின்றாயிற்று. பின்கட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால், லிசியான் மண்டியிட்டு ஒரு பாட்டிலுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"கீழ போனியா?"

"போனேன்."

"மாதிரி பாட்டில் எங்க?"

"கீழதான் இருக்கு." சாக்ஸை பாட்டில் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "பாதிப் படியில இடுப்பு உக்காந்துடுச்சு. கூட நானும் உக்காந்தேன். கையும் காலுமா தவழ்ந்து மேல வந்தேன். ஆடு மாதிரின்னு சொன்னேன்ல, அதை மட்டும் காப்பாத்திட்டேன்."

எங்கள் நிலவறை சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தது. அந்தப் படிகளை யாரும் எண்ணியதில்லை. எண்ணினால் இறங்க மனசு வராது.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே."

"நீ போறதை அவ பாத்தா? படியேற முடியாதவளுக்கு நாற்காலி எதுக்கும்பா. படியேற முடியாதவளுக்குத்தான் நாற்காலி வேணும்னு அவளுக்கு எங்க புரியப் போவுது."

"இதெல்லாம் என்ன?"

"நம்ம வீட்டுச் சரக்கு. போன வருஷம் அடைச்சது, கடையில விக்கறோமே அதுதான். அஞ்சும் அதுவேதான்."

மர்சோ தினம் பதினோரு மணிக்குக் குடிப்பது அதைத்தான். மழையோ சாவோ எது வந்தாலும் அவர் அந்த ஒரு கிளாஸை விட்டதில்லை.

"அவர் கண்டுபிடிச்சிடுவாருடி."

"கண்டுபிடிக்கட்டும். என்னைத் தூக்கி நிறுத்து முதல்ல. வாங்கற திட்டை நின்னுகிட்டாவது வாங்கறேன்."

தூக்கி நிறுத்தினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டை ஏந்தி, ராணி மாதிரி உள்ளே போனாள். இடுப்பு பிடித்திருந்ததால் அத்தனை நிமிர்வு.

உள்ளே லீல் நகரத்து முசியே தெல்குருவாவும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் நிஜமாகவே பல் டாக்டர். வரித்துறையில் ஓய்வு பெற்ற மதாம் ஹெர்பின் இருந்தார். எல்லா வகுப்புக்கும் வருகிறவர், இன்னும் தன் நாக்கைத் தேடிக்கொண்டிருந்தார். பாரிஸ்காரர்கள் இரண்டு மூன்று பேர். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு மர்சோ.

"அவசரப்படாதீங்க" என்றாள் அப்போலின். "முதல்ல காதுகிட்ட வைங்க. குமிழி பேசறதைக் கேளுங்க. அப்புறம் மூக்கு. மனசுல முதல்ல என்ன வருதோ சொல்லுங்க. சின்ன வயசுக்குப் போங்க."

நீல சாக்ஸ் சுற்றி வந்தது. எல்லாரும் கிளாஸைக் காதில் வைத்துக்கொண்டு டெலிபோன் பேசுகிறவர்கள்போல நின்றார்கள்.

"எனக்கு எங்க அத்தை வீட்டு அலமாரி வாசனை வருது" என்றார் மதாம் ஹெர்பின்.

"அலமாரி! அருமை! திறந்த அலமாரியா, மூடின அலமாரியா?"

மதாம் ஹெர்பின் யோசித்தார். "பாதி திறந்தது."

"எனக்குக் கிராம்பு" என்றார் பல் டாக்டர்.

"அது உங்க கை வாசனைங்க" என்றாள் அவர் மனைவி.

"மாமா, உங்களுக்கு?"

மர்சோ நீல சாக்ஸை முறைத்தார். ஒரு வாய் குடித்து, முகம் கோணி, வாளியில் துப்பினார். "பள்ளிக்கூடத்துல கரும்பலகையை நக்கின மாதிரி இருக்கு."

"சுண்ணாம்பு!" என்று அப்போலின் கையைத் தட்டினாள். "அதைத்தான் சொல்றேன். நம்ம மண்ணு பேசுது. எந்த ஒப்பனையும் இல்லாம, நேரா, கத்தி மாதிரி." கண்ணை மூடிக் குடித்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அடுத்தது பழுப்பு. மர்சோ கையைப் பிரித்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்தார், குடித்தார், மீசையைத் துடைத்தார்.

"ம்ம். இது. இதான் ஒயின். வட்டமா இருக்கு. வாய்க்குள்ள வந்து உக்காந்து, செருப்பைக் கழட்டிட்டு, எப்படி இருக்கீங்கன்னு கேக்குது."

"ரொம்ப நேரம் உக்காந்துடுது மாமா, எழுந்து போவ மாட்டேங்குது" என்றாள் அப்போலின். "ஜாம் மாதிரி. தொண்டையில ஒட்டுது. யாருக்காவது ஒட்டுதா?"

பாரிஸ்காரர்கள் எல்லாருக்கும் ஒட்டியது.

நான் லிசியானைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

சிவப்பு வந்ததும் பல் டாக்டர் வீட்டில் சண்டை தொடங்கியது. அவருக்கு சிவப்பு சகிக்கவில்லை. அவர் மனைவிக்கு அதுதான் உலகத்திலேயே பிடித்ததாம். "இத்தனை வருஷமா எனக்குப் பிடிக்காததையே வாங்கிட்டு வந்து குடிக்கவெச்சிருக்கீங்க" என்றாள். "நீ நல்லா இருக்குன்னுதானே சொன்னே?" "அப்ப எனக்கு நாக்கு இருக்கறது தெரியாது!" அப்போலின் உருகிப்போய் அந்த அம்மாள் தோளைத் தொட்டாள். வகுப்பு வேலை செய்கிறது என்பதற்கு அவளுக்கு இதைவிட என்ன வேண்டும்.

நாலாவதாகப் பச்சை. அது வருவதற்குள் மர்சோவுக்குப் பொறுமை போயிருந்தது. உள்ளே போய் ஒரு தட்டு நிறைய எங்கள் பக்கத்து ரோஸ் பிஸ்கட்டைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தார். மேலெல்லாம் பொடிச் சர்க்கரை. ஷாம்பெய்னில் தோய்த்துத் தின்பதற்கென்றே சுடுவது.

"மாமா, வகுப்புல பிஸ்கட் கூடாது. நாக்கு கெட்டுடும்."

"உன் வகுப்புல தப்பே கிடையாதுன்னு சொல்லிட்டிருக்கியே."

பசித்திருந்தவர்கள். பதினொன்று தாண்டியாயிற்று. மதாம் ஹெர்பின்தான் முதலில் தோய்த்தார். பிறகு வெட்கமில்லாமல் எல்லாரும். பச்சை கிளாஸ்கள் அடியில் ரோஸ் நிறச் சேறு. ஐந்தாவது சாம்பல் சாக்ஸ் வந்தபோது பிஸ்கட் தீர்ந்துவிட்டது. சாம்பலை யாரும் மதிக்கவில்லை.

அப்போலின் எல்லாரையும் கை தூக்கச் சொன்னாள். நீலத்துக்கு அப்போலின். பழுப்புக்கு மர்சோ. சிவப்புக்குப் பல் டாக்டரின் மனைவி, அவரை முறைத்துக்கொண்டே. மிச்சம் எல்லாரும் பச்சை.

பச்சையைப் பற்றி லிசியானிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

"லிசியான்" என்றாள் அப்போலின். "பச்சையில எவ்வளவு சர்க்கரை?"

மர்சோவும் திரும்பினார். மொத்த மேஜையும் திரும்பியது. அந்த வருஷத்து ஒயின் முழுக்க, கீழே இருட்டில் அடுக்கிக் கிடக்கிற அத்தனை பாட்டிலும், அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்தது நாற்காலியை. பிறகு மர்சோவை: கத்துகிறவர். பிறகு அப்போலினை: சம்பளத் தாளில் கையெழுத்துப் போடுகிறவள்.

"பச்சையில சர்க்கரையே இல்லைங்க மதாம்."

"நீலத்துல தானே..." என்று தொடங்கிய அப்போலின் கப்பென்று நிறுத்திக்கொண்டாள்.

"நீல சாக்ஸ்ல ஓட்டை. லேபிள் தெரிஞ்சுது. அதான் கடைசி நேரத்துல மாத்தி மாட்டிட்டேன்."

அப்போலின் மூச்சு விடும் நேரம்தான் எடுத்துக்கொண்டாள். "நான் சொல்லல? நீலத்துல எனக்கு ஏதோ இடிச்சுக்கிட்டே இருந்துது. மரியாதைக்குத்தான் கை தூக்கினேன். பாருங்க மாமா! சொல்லாமலே எல்லாரும் சர்க்கரை இல்லாததைத்தான் எடுத்திருக்காங்க. நாக்கு பொய் சொல்லாது."

பாரிஸ்காரர்கள் தங்களையே பாராட்டிக்கொண்டார்கள். மதாம் ஹெர்பின் உதட்டில் ஒட்டிய சர்க்கரையை நக்கியபடி, தனக்கு இனிப்பு என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது என்றார்.

மர்சோ பின்கட்டுக்கு வந்தார். தோற்ற முகம் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பழுப்புல நம்ம அளவு போட்டதுதானே இருந்துது?"

"ஆமா முதலாளி. நம்ம வீட்டு ஒயின்தான். சத்தியமா."

"மூக்கை வெச்சதுமே தெரிஞ்சுதே." மனசு நிறைந்து போனார். அவளும் பொய் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு கிளாஸ் கழுவும் இடத்தில் மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் தீர்த்தோம். லிசியான் ஒவ்வொரு சாக்ஸிலும் ஒரு வாய் குடித்தாள்.

"சிவப்பு பரவால்லடி. அந்தம்மா சொன்னது சரிதான்."

"எல்லாம் ஒண்ணுதானே, நீதானே மாட்டினே."

"தெரியும். இருந்தாலும் சிவப்புல என்னமோ இருக்கு."

நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு சாம்பல்தான் பிடித்தது. ஏன் யாரும் அதை மதிக்கவில்லை என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

மார்ச்சில் கசடு தள்ளினார்கள். பாகு ஊற்றும் குழாயை மூடி வைத்துவிட்டு, ஒரு சொட்டு சர்க்கரை இல்லாமல் மொத்தத்தையும் அடைத்தார்கள். முதல் பாட்டிலை வேலைக்காரர்களுக்குத் திறந்தார் மர்சோ. சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் சாலட்டில் ஊற்றிப் பார்த்தான். வினிகருக்கு இது தேவலை என்றான். அப்போலின் மெல்லிய எழுத்தில் புது லேபிள் போட்டு விலையை ஏற்றினாள். விற்றது. பழையதைவிட வேகமாக விற்றது.

ஈஸ்டருக்கு இரேன் போனாள். திங்கட்கிழமை காலை லிசியான் தலை வாரி, நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு வரவேற்பறைக்குப் போனாள். அரை மணியில் கவாத்துக் கத்தரியோடு என் பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"சொன்ன சொல் சொன்னதுதானாம். நாற்காலி எனக்குத்தானாம். ஆனா இப்ப இல்லையாம்." அவள் அப்போலின் குரலில் பேசினாள். "'கண்ணைக் கட்டின ருசிங்கறது கோயில் மாதிரி லிசியான். கேக்காம சாக்ஸை மாத்தினீங்களே, அது பெரிய தப்பு. இந்த இடத்துக்கு நம்பகமான ஆள் வேணும். இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். அதுவரைக்கும் நம்ம சனிக்கிழமை வகுப்புக்கு வாங்க, உங்க நாக்கை முதல்ல நீங்க தெரிஞ்சுக்கணும்.'"

"நீ என்ன சொன்னே?"

"வகுப்புல உக்கார இடம் உண்டான்னு கேட்டேன். நின்னாத்தான் நாக்கு முழிச்சிருக்குமாம்."

அறுவடை வந்தது, போனது. மறுபடி இலை உதிர்ந்தது. இந்த டிசம்பரில் பல் டாக்டர் தனியாக வந்து அந்தச் சர்க்கரை இல்லாத ஒயினைப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போனார். நான் விறகு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்தார், முகம் சுருங்கியது, கண்ணில் நீர் கட்டியது. "அதேதான்" என்றார். "அன்னிக்கு பச்சை சாக்ஸ்ல குடிச்சேனே, அதே ருசி. எங்க வெச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

அப்போலின் பெருமையாக நாற்காலியைக் காட்டினாள். அதில் இப்போது மெத்தையின் மேல் ஒரு பாட்டில் நிற்கிறது, பச்சை சாக்ஸ் போட்டுக்கொண்டு, முதுகைச் சாய்மானத்தில் சாய்த்தபடி. வருகிறவர்கள் அதோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

லிசியான் சரிவில் இருக்கிறாள், குனிந்தபடி. அப்போலின் அவளுக்குத் தர வேண்டிய நாற்காலி இன்னும் பாக்கி.